கதவை இழைத்தவர்கள்

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் வந்தது.

டக். டக். டக். பொத்.

படகின் சின்ன அறைக்குள் படுத்திருந்த வினோலியா எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மகள் ஜோவினாவின் காதை உள்ளங்கையால் மூடினாள். பிறகு கதவைப் பார்த்தாள். அந்தக் கதவில் தாழ்ப்பாள் உண்டு, ஆனால் விழாது. நிலையில் இருக்கும் ஓட்டைக்கு ஒரு விரல் மேலே போய் முட்டி நிற்கும். அதனால் கைப்பிடியில் நைலான் கயிறு கட்டி, படுக்கைப் பலகையின் காலில் முடிந்து வைத்திருந்தாள். முடிச்சு அப்படியே இருந்தது.

டக். டக். பொத். பொத்.

தட்டுவது கதவை இல்லை. படகின் வயிற்றை.

"யாரு?" என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நான்தான். தூங்கு," என்றது கீழேயிருந்து டெல்பின் அக்காவின் குரல்.

பழைய ஃபைபர் படகுகளைப் பார்த்து, கடலுக்குப் போகுமா போகாதா என்று சொல்கிறவர் டெல்பின். முகத்துவாரத்தை ஒட்டிய அந்தப் பட்டறை அவருடையது. வினோலியாவைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். தொழில் கற்றுக்கொள்ள அவரிடம் வந்தவர்கள் நிறையப் பேர். வாயைத் திறந்து எதையும் சொல்லித் தரமாட்டேன் என்கிறாரே என்று சலித்துப் போனவர்களும் நிறையப் பேர்.

வினோலியா கடைசியாக வந்தவள். கணவன் ரோமால்டின் வீட்டிலிருந்து மகளையும் ஒரு துணிப்பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். டெல்பினின் அறையில் ரெசின் டின்கள் அடுக்கியிருந்தன. அந்த நெடியில் குழந்தை இருமியது. அதனால் தாயும் மகளும் கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்த படகிலேயே படுத்துக்கொண்டார்கள். 'விண்மீன்' என்று பெயர் எழுதிய மோட்டார் படகு. பங்குக் கோயிலுக்குச் சொந்தமானது. வருஷத்துக்கு ஒரு தடவை, தீவுத் திருவிழாவுக்கு ஊர்ச் சனத்தை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்.

வினோலியா முடிச்சை அவிழ்த்து ஏணி வழியாக இறங்கினாள். டெல்பின் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பிளாஸ்டிக் சுத்தியலுமாக, படகின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இருட்டுல என்னக்கா பாக்குதிய?"

"பாக்கல. கேக்குதேன். பகல்ல கிரைண்டர் போடுத சத்தத்துல எது கேக்கும்?"

சுத்தியலை நீட்டினார். வினோலியா தட்டினாள்.

டக்.

ஒரு முழம் தள்ளித் தட்டினாள்.

பொத்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் டெல்பின்.

"இங்கன உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

"இருந்துச்சு."

வினோலியா டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தாள். நீலப் பெயிண்ட் பளபளவென்றிருந்தது. ஒரு கீறல் இல்லை.

"வெளிய ஒண்ணும் தெரியலியே."

"திருவிழாவுக்குத் திருவிழா பெயிண்ட் அடிச்சிருதாவ. சாமியார் தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்க வரும்போது கீறல் தெரிஞ்சா நல்லாருக்குமா?"

வினோலியா மறுபடி தட்டவில்லை. சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு, மேலே குழந்தையின் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவிய நாளைக்குச் சாயங்காலம் வாராவளாம். ஃபோன் பண்ணினாவ."

"ம்."

"கூட்டிட்டுப் போவ."

"ம்."

"நான் போவட்டுமா, வேண்டாமா?"

டெல்பின் டார்ச்சை அணைத்தார்.

"விடியட்டும். கதவைப் பாப்போம்," என்றார்.

விடிந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் ஃபோனில் வந்தார். டெல்பின் ஃபோனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். தலைவர் பேசுவது பட்டறை முழுக்கக் கேட்டது.

"வருஷா வருஷம் போயிட்டு வந்துக்கிட்டுத்தான இருக்கு? நீங்க என்ன புதுசா நோவு கண்டுபிடிக்கிய? நல்லாருக்குன்னு எழுதிக் குடுங்க, போதும்."

"அது படகு போனதில்ல. மாதா தூக்கிட்டுப் போயிருக்கா."

"சரி, அப்பம் இந்த வருஷமும் தூக்கிட்டுப் போவா."

"அப்பம் அவகிட்டயே எழுதி வாங்கிக்கோங்க," என்று ஃபோனை வைத்தார் டெல்பின்.

மேலே வினோலியா இழைப்புளியோடு நின்றாள். பக்கத்து ஆசாரியிடம் இரவல் வாங்கியது. கதவின் மேல் மூலையில் அதை வைத்து, ஒரு இழுப்பு இழுக்கப் போனாள்.

"நில்லு," என்றார் டெல்பின். "அத எதுக்கு எடுத்த?"

"மேல் மூலை உரசுது அக்கா. ரெண்டு இழைப்பு இழைச்சா கதவு உள்ள உக்காரும், தாழ்ப்பாளும் விழும். ராத்திரி கயிறு கட்ட வேண்டாம்ல."

"உனக்கு முன்னால யாரெல்லாம் அப்படி நெனச்சிருக்காவன்னு பாரு."

வினோலியா கதவின் ஓரத்தைப் பார்த்தாள். முதலில் நீலம் மட்டும் தெரிந்தது. நகத்தால் சுரண்டினாள். நீலத்துக்கு அடியில் பச்சை. பச்சை பாதியில் நின்று, அங்கே மரம் சரிவாக இழைக்கப்பட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி மஞ்சள். அதுவும் பாதியில் நின்று மறுபடி ஒரு சரிவு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திருவிழா. ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு இழைப்பு. தாழ்ப்பாளைப் பிடித்திருக்கும் ஆணிகள் ஒரு காலத்தில் ஓரத்திலிருந்து தள்ளித்தான் இருந்திருக்க வேண்டும். இப்போது அவை கதவின் விளிம்பில் நின்றன.

"கதவு ரொம்பக் கோணலா இருக்கு," என்றாள்.

"செஞ்சவன் கோணலாவா செஞ்சான்?"

"இல்ல. இழைச்சு இழைச்சுக் கோணலாக்கியிருக்காவ."

"எதுக்கு?"

டெல்பின் சட்டைப் பையிலிருந்து நூல் எடுத்துக் கொடுத்தார். கதவு நிலையின் ஒரு மேல் மூலையிலிருந்து எதிர் கீழ் மூலை வரை நூலைப் பிடித்து, அந்த அளவில் முடிச்சுப் போடச் சொன்னார். பிறகு அதே நூலை மற்ற இரண்டு மூலைகளுக்கும் பிடிக்கச் சொன்னார். நூல் எட்டவில்லை.

"நிலைதான் சாஞ்சிருக்கு," என்றாள் வினோலியா. "கதவுல ஒரு குத்தமும் இல்ல."

"நிலை எதுல நிக்குது?"

"இந்தக் குறுக்குத் தட்டியில," என்று அறையின் சுவர்ப் பலகையைத் தொட்டாள்.

"தட்டி எதுல நிக்குது?"

"கீழ, அடிக்கட்டையில."

"அப்பம் கதவுகிட்ட நின்னுக்கிட்டு என்ன செய்யுத? கீழ இறங்கு."

இருவரும் தரைப்பலகையைப் பெயர்த்தார்கள். குறுக்குத் தட்டியையும் படகின் சுவரையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டிய ஃபைபர் பட்டை, காய்ந்த பிளாஸ்திரி போலக் கிளம்பி நின்றது. அதற்குக் கீழே அடிக்கட்டை நீளவாக்கில் ஓடியது. உள்ளே மரம், மேலே ஃபைபர் ஒட்டிய மூடல். பார்ப்பதற்கு வழவழவென்று உறுதியாகத்தான் இருந்தது.

"துளை போடு," என்றார் டெல்பின்.

வினோலியா டிரில்லை வைத்து அழுத்தினாள். முதலில் வெள்ளைத் தூள் வந்தது. அப்புறம் டிரில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அதை வெளியே எடுத்தபோது துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. காடி வாடை அடித்தது.

"மேல நல்லாத்தான இருக்கு," என்றாள், நம்பாமல்.

"ஃபைபர் அழுவாது. உள்ள மரம் அழுவுனத மூடி வச்சுக்கும்."

"தண்ணி எப்படிப் போச்சு?"

"எப்பமோ ஒரு தடவ மணல் திட்டுல இடிச்சிருக்கும். சின்னதா கீறியிருக்கும். அன்னைக்கே தொறந்து, காய வச்சு ஒட்டியிருந்தா ஒரு நாள் வேல."

"அன்னைக்கு என்ன செஞ்சாவ?"

"அன்னைக்குக் கதவு உரசுச்சு. கதவை இழைச்சாவ."

வினோலியா பழுப்புத் தண்ணீரில் விரலைத் தொட்டு எடுத்தாள். பாவாடையில் துடைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்தளத்தில் ஜோவினா எதையோ பாடிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

"நான் ராத்திரி கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லல," என்றாள்.

"ஒரு படகு வந்தா முதல்ல என்ன கேப்போம்?"

"எப்பத்துலருந்து இப்படின்னு கேப்போம்."

டெல்பின் கேட்கவில்லை. காத்திருந்தார்.

"கல்யாணமான வருஷம்," என்றாள் வினோலியா. "நான் நர்சரி ஸ்கூல்ல வேல பாத்தேன். சாயங்காலம் வர நேரமாவுதுன்னு அவியளுக்குக் கோவம். விட்டுட்டேன். வீடு அமைதியாச்சு."

"பெறவு?"

"எங்க பெரியக்கா வீட்டுக்குப் போறது. அங்க போனா எனக்கு வாய் நீளுதுன்னாவ. போறத நிப்பாட்டினேன். பெறவு ஃபோன். பெறவு கோயில் கொயர்ல பாடுறது. பாட்டுக்கு நோட்டீஸ்ல பேர் வந்துச்சு, அது பிடிக்கல. எல்லாம் சின்னச் சின்ன விஷயம்தான்கா. ஒவ்வொண்ணும் விட்டதும் கொஞ்ச நாள் நல்லாருக்கும்."

"கை நீட்டினாவளா?"

"ரெண்டு தடவதான்."

டெல்பின் டிரில்லைத் துணியால் துடைத்தார். நன்றாகத் துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டேயிருந்தார். 'ரெண்டு தடவதான்' என்று தான் சொன்னது வினோலியாவின் காதில் இப்போதுதான் விழுந்தது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஸ்கூல விடச் சொன்ன அன்னைக்கே நான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"அன்னைக்கு லேசாத்தான் உரசியிருக்கும்," என்றார் டெல்பின். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் மெதுவாகச் சொன்னார்.

மத்தியானம் டெல்பின் படகின் அடியில் ஒரு ஜாக்கியை வைத்தார். பொத்தென்று சத்தம் வந்த இடத்துக்கு நேர் கீழே, தடித்த பலகை ஒன்றை அணை கொடுத்து வைத்தார்.

"நீ மேல போய்க் கதவைச் சாத்திக்கிட்டு நில்லு. தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கோ. அழுத்தாத. அது சொல்லும்."

ஜாக்கியின் கம்பியைக் கால் சுற்று திருப்பினார். படகு முனகியது. காத்திருந்தார். இன்னொரு கால் சுற்று. உள்ளே எங்கோ மரம் கிரீச்சிட்டது. ஜோவினா அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதாம்மா அதுக்கு?"

"இல்லட்டி. நிமிருது."

இன்னொரு கால் சுற்று. வினோலியாவின் கைக்குள் தாழ்ப்பாள் அசைந்தது. அவள் தள்ளவில்லை. அதுவாக ஓட்டைக்கு நேரே இறங்கி வந்தது. லேசாகத் தொட்டாள். உள்ளே போய்விட்டது.

"விழுந்துட்டுக்கா," என்றாள் உள்ளேயிருந்து.

வினோலியா தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்தாள். மறுபடி சாத்தினாள். உரசவில்லை. அப்போதுதான் அதைக் கவனித்தாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே, மேலேயும் பக்கத்திலும், விரல் நுழையும் அளவுக்குச் சந்து. அதன் வழியாக வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்திருந்தது. சந்தில் விரலை வைத்தாள். காற்று வந்தது.

டெல்பின் ஏணியில் ஏறி வந்து நின்றார்.

"இந்தச் சந்து நேத்து வரைக்கும் இல்லியே."

"நிலை கோணலா நின்ன வரைக்கும் கதவு சரியா இருந்த மாதிரி இருந்துச்சு. நிலை நிமிந்துட்டு. இப்பம் இழைச்சது அம்புட்டும் தெரியுது."

"அந்த மரத்தத் திரும்ப ஒட்ட வழியில்லியா?"

"மரத்தூள எங்க போய்த் தேடுவ?"

வினோலியா விரலை எடுக்கவில்லை. வெகுநேரம் அந்தச் சந்தைத் தடவிக்கொண்டே நின்றாள். கொயரில் அவளுக்கு முதல் வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். இப்போது பாடச் சொன்னால் குரல் எடுபடுமா என்று தெரியவில்லை.

"குட்டிக் கதவாப் போச்சும்மா," என்றாள் ஜோவினா.

பொழுது சாயும் நேரத்தில் பாலத்துப் பக்கமிருந்து பைக் சத்தம் வந்தது.

மேல்தளத்தில் சங்கு வைத்து விளையாடிக்கொண்டிருந்த ஜோவினா சங்குகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். தாறுமாறாகக் கிடந்த அம்மாவின் செருப்பை ஜோடியாகச் சேர்த்து வைத்தாள். தன் செருப்பை அதன் பக்கத்தில், நுனிகள் ஒரே கோட்டில் வரும்படி வைத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

வினோலியா கதவருகே நின்று அதைப் பார்த்தாள்.

ரோமால்ட் சிரித்துக்கொண்டே வந்தான். கையில் பொரித்த பரோட்டா பார்சல். குளித்துத் தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"என்ன டெல்பினக்கா, சுகமா? ஊருலகத்துல பொண்டாட்டியக் கூப்பிட ஏணி வச்சு ஏறுதவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

"முழுசா ஏறாதிய. ஜாக்கியில நிக்குது."

"பாத்தியளா, வீட்டுக்காரனுக்கு இடமில்ல, ஜாக்கிக்கு இடமிருக்கு." ஏணியில் பாதி வரை ஏறி நின்றான். "ஜோவி, அப்பா என்ன வாங்கிட்டு வந்திருக்கேன் பாத்தியா?"

ஜோவினா அம்மாவைப் பார்த்தாள். கட்டிய கையை எடுக்கவில்லை.

"வினோ, போதும்டி," என்றான் ரோமால்ட். குரல் தணிந்திருந்தது. "மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன், இனிமே கை நீட்ட மாட்டேன். எங்கம்மா சாப்பிடாம கெடக்கா. நாலு பேர் கேக்குதான், என்ன சொல்ல?"

அவன் கண் கலங்கியிருந்தது. பொய்யாகக் கலங்கியதாகத் தெரியவில்லை. அதுதான் வினோலியாவைப் பயமுறுத்தியது. அவன் அழுத ஒவ்வொரு தடவையும் உண்மையாகத்தான் அழுதிருந்தான்.

"நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ. நான் பெருசா ஒண்ணும் கேக்கல. இந்தப் பட்டறை வேல மட்டும் வேண்டாம். ஆம்பளையளுக்கு நடுவுல ரெசினும் தூசியுமா. இது ஒண்ண மட்டும் விட்டுரு. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

அவன் வினோலியாவின் பின்னாலிருந்த கதவைப் பார்த்தான். பேச்சை மாற்றச் சிரித்தான்.

"என்னக்கா, கதவுல இம்புட்டுச் சந்து? பட்டி போட்டுப் பெயிண்ட் அடிச்சிருங்க, ஒண்ணும் தெரியாது."

வினோலியா ஏணியைத் தாண்டி, கீழே ஜாக்கியின் பக்கம் நின்ற டெல்பினைப் பார்த்தாள்.

"அக்கா, இந்தப் படகு கடலுக்குப் போவுமா?"

"நான் வீட்டுக்குக் கூப்பிடுதேன், இவ கடலுக்கு வழி கேக்கா," என்றான் ரோமால்ட்.

டெல்பின் ஜாக்கியின் மேல் கை வைத்தார்.

"போவும்," என்றார். "ஜாக்கிய எடுத்துட்டாப் போவும். நிலை மறுபடி சாயும், கதவு மறுபடி உரசும். இழைப்பாவ. ஆனா வினோ, இன்னும் ஒரே ஒரு தடவ இழைச்சாலும் தாழ்ப்பாளுக்குப் பிடிக்க அதுல மரம் இருக்காது."

ரோமால்டுக்கு அது புரியவில்லை. பார்சலை மேல்தளத்தின் விளிம்பில் வைத்துவிட்டு, "சரி, கிளம்பு," என்றான்.

வினோலியா குனிந்து ஜோவினாவைத் தூக்கிக்கொண்டாள். ஒரே கோட்டில் நின்ற செருப்புகளில் ஒன்றைக் காலால் மெல்லத் தள்ளினாள். அது புரண்டு கோணலாகக் கிடந்தது. குழந்தை அதைப் பார்த்தது. இறங்கி அதைச் சரிசெய்யத் திமிறவில்லை.

அறைக்குள் போனாள். சந்தோடும் இழைத்த தழும்புகளோடும் இருந்த அந்தக் கதவைச் சாத்தினாள். வெளியே அவன் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கீழே டெல்பின் ஜாக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.